கொத்துக்கறி அடுக்கு கேசரோல்: நெல்லை அடுப்படிக்கு ஒரு முழு வழிகாட்டி

மேலப்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுக்கறி வாங்கினால், அது குழம்பாகும், மிளகு தூக்கலான வறுவலாகும், கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் பிரியாணியாகும். கொத்துக்கறியாக வாங்கினால் கோலா உருண்டை. இவற்றில் எதிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் ராத்திரிக்கு, கடைசி நேரத்தில் அடுப்படியில் நின்று வேகாமல், முன்கூட்டியே செய்து வைத்து, ஒரே பாத்திரத்தை நடுவில் வைத்துப் பங்கிட ஒன்று வேண்டும் என்றால், நான் சொல்வது இதைத்தான்: கிழங்கு, கொத்துக்கறி, வெள்ளை சாஸ், சீஸ் என்று அடுக்கி ஓவனில் வைத்து எடுக்கும் கேசரோல்.

அமெரிக்க வீடுகளில் இது வார நாள் சாப்பாடு. இங்கிலாந்தில் கொத்துக்கறி மேல் மசித்த கிழங்கைப் பரப்பிக் காட்டேஜ் பை செய்கிறார்கள். கிரேக்கர்களுக்கு மூஸாக்கா, இத்தாலியர்களுக்கு லசான்யா. மலைக்கு அந்தப் பக்கம் மலபாரில், மெல்லிய பத்திரிகளுக்கு நடுவே கறியை வைத்து அடுக்கும் சட்டிப்பத்திரி இருக்கிறது. ஆக, அடுக்கிச் சமைப்பது நமக்கு ரொம்ப தூரத்து விஷயம் இல்லை. மசாலாவை நம் பக்கத்து ருசிக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சமையலைக் கெடுப்பது தண்ணீர்தான். குழம்பில் தண்ணீர் கூடிவிட்டால் திறந்து வைத்து வற்ற விடலாம். இதில் அது நடக்காது. மேலே சாஸும் சீஸும் மூடிக்கொள்வதால், கீழே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும். வெட்டும்போது அடுக்குகள் வழுக்கி, தட்டில் கூழாகச் சரியும். அதனால் எந்த அடுக்காக இருந்தாலும், பாத்திரத்துக்குள் போகும் முன்பே வற்றியிருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

என்னென்ன வேண்டும்

5 அல்லது 6 பேருக்கான அளவு இது. சுமார் 2 லிட்டர் கொள்ளும், 6 சென்டிமீட்டராவது ஆழமுள்ள ஓவன் பாத்திரம் வேண்டும். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் எதுவானாலும் சரி.

கறி அடுக்குக்கு: எலும்பில்லாத மாட்டுக் கொத்துக்கறி 500 கிராம், சின்ன வெங்காயம் 200 கிராம், நடுத்தரத் தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் 2, சோம்பு 1 தேக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, கிராம்பு 3, கறிவேப்பிலை 2 கொத்து, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, மல்லித்தூள் ஒன்றரை தேக்கரண்டி, இடித்த மிளகு 1 தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, அரை எலுமிச்சம்பழம், கொஞ்சம் மல்லித்தழை.

கிழங்கு அடுக்குக்கு: உருளைக்கிழங்கு 650 கிராம்.

சாஸுக்கு: வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம், காய்ச்சிய பால் 500 மில்லி, முட்டை 1, உப்பு, வெள்ளை மிளகுத்தூள், இருந்தால் சாதிக்காய் ஒரு சிட்டிகை. மேலே தூவச் சீஸ் துருவல் 100 கிராம்.

சின்ன வெங்காயம் உரிக்க நேரமில்லை என்றால் பெரிய வெங்காயம் போடலாம். ஆனால் அதில் நீர்ச்சத்து அதிகம், வதக்கும் நேரம் கூடும். ருசியும் ஒரு படி கீழேதான். நான் சின்ன வெங்காயத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

கறி வாங்கும் இடத்திலேயே பாதி வேலை

வெளிநாட்டுச் செய்முறைகளில், கொத்துக்கறியைச் சட்டியில் போட்டு எட்டுப் பத்து நிமிடம் வதக்கி அப்படியே அடுக்கச் சொல்வார்கள். அந்தக் கறிக்கு அது போதும். நம் கடைக்கு வரும் கறி வேறு. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாடுகளையே பொதுவாக அறுக்க விடுகிறது. வயதான, உழைத்த மாட்டின் கறியில் நார் உறுதியாக இருக்கும். பத்து நிமிடம் வதக்கினால் ரப்பராகத்தான் வாயில் நிற்கும். நிறுத்தி வேக வைத்தால், அதே கறிக்கு வருகிற ருசி இளங்கறிக்கு வராது. ஆகவே நம் ஊரில் இந்தச் சமையலுக்குக் குக்கர் அவசியம்.

தொடைக்கறி கேளுங்கள். கழுத்துக்கறியும் நன்றாக இருக்கும், ஆனால் சவ்வு அதிகம். கொழுப்பை முழுதாக நீக்கச் சொல்ல வேண்டாம். கொழுப்பே இல்லாத கொத்துக்கறி வெந்தபின் சக்கையாக இருக்கும். அமெரிக்கக் கடைகளில் 80 பங்கு சதை, 20 பங்கு கொழுப்பு என்று எழுதி விற்கிறார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை, அரைக் கிலோவுக்கு ஒரு சின்னக் கைப்பிடி போதும்.

கடையில் பேச்சு இப்படிப் போகும்:

"பாய், தொடக்கறி அரைக்கிலோ போடுங்க. சவ்வு எடுத்துருங்க, கொழுப்பு கொஞ்சம் கூடவே இருக்கட்டும். மெஷின்ல ஒரு ஓட்டம் போதும்."

"ஒரு ஓட்டமா? ரெண்டு ஓட்டம் விட்டாத்தானம்மா உருண்டை நிக்கும்?"

"உருண்டைக்கு இல்ல பாய். உதிரி உதிரியா வேணும்."

அவர் கேட்டது சரியான கேள்வி. கோலாவுக்கு இரண்டு ஓட்டம் விட்டால்தான் பிடிப்பு வரும். கேசரோலுக்கு அந்தப் பிடிப்பு கூடாது. மைய அரைத்த கறி கட்டி கட்டியாகச் சேர்ந்து, நடுவில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. கொத்திய கறியைத் தண்ணீரில் அலசாதீர்கள். ஒவ்வொரு துணுக்கும் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், சாரமும் தண்ணீரோடு போகும். கழுவாமல் மனம் ஒப்பாது என்றால் முழுத் துண்டாக வாங்கி வந்து கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். விறைப்பு ஏறியதும் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரேயடியாக ஓட விட்டால் விழுதாகிவிடும். கறி குளிர்ந்திருந்தால்தான் கொழுப்பு இளகாமல் துணுக்காக உடையும்.

கறியை வற்ற வைப்பது

அகலமான இரும்புச் சட்டியை நன்றாகக் காய வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுக் கறியைப் பரப்பிப் போட்டு, 2 நிமிடம் கிண்டாமல் விடுங்கள். சட்டி சின்னதாக இருந்தால் இரண்டு தவணையாகப் போடுங்கள். நெருக்கிப் போட்டால் கறி வறுபடாது, தன் தண்ணீரிலேயே அவியும்.

கொஞ்ச நேரத்தில் கறியிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் விடும். பலர் இந்த இடத்தில் மசாலாவைக் கொட்டிவிடுவார்கள். பொறுங்கள். தீயைக் கூட்டி, அந்தத் தண்ணீர் முழுதும் போகும்வரை கிளறுங்கள். கண்ணால் பார்ப்பதை விடக் காதால் கேட்பது நல்லது. தண்ணீர் இருக்கும்வரை சலசலவென்று கொதிக்கும் சத்தம் வரும். அது போய் எண்ணெயில் பொரியும் சடசடப்பு தொடங்கும். அந்தச் சத்தம் மாறியபிறகுதான் கறி சிவக்கவே ஆரம்பிக்கும். தண்ணீர் இருக்கும்போது கறியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து வறுவல் மணம் வர அதற்கு மேலான சூடு வேண்டும். 3, 4 நிமிடம் சிவக்க விட்டு, தட்டில் எடுத்து வையுங்கள்.

அதே சட்டியில், அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டாமல், மிச்ச எண்ணெயை விட்டு சோம்பு, பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை தாளியுங்கள். பொடியாக அரிந்த வெங்காயத்தைப் போட்டு ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் வெங்காயம் விடும் நீரில் அடியில் ஒட்டியது தானாகக் கழன்று வரும். அதில்தான் பாதி ருசி இருக்கிறது. வெங்காயம் பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு விழுதும் பச்சை மிளகாயும் பச்சை வாடை போக வதக்கி, தக்காளியைப் போடுங்கள். தக்காளி கரைந்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்தபின்தான் தூள் வகைகள். இங்கே அவசரப்பட வேண்டாம்.

இப்போது கறியையும் முக்கால் தேக்கரண்டி உப்பையும் சேர்த்துக் கிளறி, எல்லாவற்றையும் குக்கருக்கு மாற்றி, அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி 4 விசில் விடுங்கள். எருமைக்கறி என்றால் 6 விசில். குக்கர் இல்லாதவர்கள் மூடி போட்டு, இளந்தீயில் முக்கால் மணி நேரம் வைக்கலாம். அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவி அடங்கித் திறந்ததும் தண்ணீர் நிற்கும். மறுபடியும் சட்டிக்கு மாற்றி, பெருந்தீயில் கிளறி வற்ற வையுங்கள். சோதனை இதுதான்: கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்குள் எதுவும் ஓடி வராமல் சட்டியின் அடி தெரிந்தபடியே நின்றால், கறி தயார். குழம்பு ஓடி வந்து கோட்டை மூடினால் இன்னும் வற்ற வேண்டும். சட்டியைச் சாய்த்து, ஓரத்தில் சேரும் கொழுப்பில் ஒரு கரண்டியை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்துவிடுங்கள். மாட்டுக் கொழுப்பு ஆறினால் சீக்கிரம் உறையும். கூட இருந்தால் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். கடைசியில் இடித்த மிளகு, மல்லித்தழை, எலுமிச்சைச் சாறு சேர்த்து இறக்குங்கள். மேலே வரும் பாலும் சீஸும் காரத்தையும் புளிப்பையும் அடக்கிவிடும் என்பதால், கறி தனியாகச் சாப்பிடும்போது ஒரு சுற்றுக் கூடுதலான காரத்தில் இருப்பதுதான் சரி.

செங்கோட்டைப் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. 1956 வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலுமாக மலையாளப் பக்கத்தோடு இருந்த பகுதி அது. மாட்டுக்கறி வறுவலில் தேங்காய்க் கீற்றுப் போடும் மலையாள வழக்கம் புளியரைக்கு இந்தப் பக்கமும் உண்டு. சின்னதாக நறுக்கிய தேங்காய்க் கீற்றை எண்ணெயில் சிவக்க வறுத்து, இந்தக் கறியில் ஒரு கைப்பிடி கலந்தால் நடு நடுவே கடிபடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் வேண்டாம்.

கிழங்கு

கிழங்கைத் தோல் சீவி, அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்ட வட்டமாக அரியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்து நடுவில் வேகாமல் நிற்கும். கொதி வந்தபின் 5, 6 நிமிடம் போதும். கத்தியால் குத்தினால் இறங்க வேண்டும், ஆனால் வட்டம் உடையக் கூடாது. முழுக்க வேக வைக்காதீர்கள், மீதி ஓவனில் வேகும்.

வடிகட்டியதும் ஒரு பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஆவி அடங்கும்வரை விடுங்கள். மேலே தொட்டால் மாவு மாதிரி உலர்ந்திருக்க வேண்டும். அப்புறம்தான் அடுக்கலாம்.

வெள்ளை சாஸ்

வெண்ணெயை இளந்தீயில் உருக்கி, மைதாவைக் கொட்டி 2 நிமிடம் கிளறுங்கள். பச்சை மாவு வாடை போக வேண்டும், நிறம் மாறக் கூடாது. பாலைச் சூடாக வைத்துக்கொண்டு முதலில் ஒரு கரண்டி ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு இன்னொரு கரண்டி, அப்புறம் மீதி என்று ஊற்றுங்கள். மொத்தமாகக் கொட்டினால்தான் கட்டி தட்டும். அப்படியும் கட்டி தட்டிவிட்டால் கவலை வேண்டாம், கம்பி மத்தால் அடியுங்கள், அல்லது வடிகட்டிவிடுங்கள்.

6, 7 நிமிடம் விடாமல் கிளறினால் தோசை மாவுப் பதத்துக்கு வரும். கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு போட்டால் அது அப்படியே நிற்க வேண்டும். உப்பு, வெள்ளை மிளகு, சாதிக்காய் சேர்த்து இறக்குங்கள். சீஸிலும் கறியிலும் உப்பு இருப்பதால் இதில் கை அடக்கமாக இருக்கட்டும். 5 நிமிடம் ஆறியபின் அடித்த முட்டையைக் கலந்துவிடுங்கள். சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிதிரியாக வெந்துவிடும். இந்த ஒரு முட்டைதான் ஓவனில் சாஸை இறுக்கி, துண்டு போடும்போது உருக்குலையாமல் நிறுத்துகிறது.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காய்ப்பாலில் செய்யலாம். சொதி வைத்துப் பழகிய வீடுகளில் இது கஷ்டமே இல்லை. கெட்டியான முதல் பால் 300 மில்லி, இரண்டாம் பால் 200 மில்லி. 3 மேசைக்கரண்டி சோளமாவை (கார்ன்ஃப்ளார்) ஆறிய இரண்டாம் பாலில் கரைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சி, கெட்டியானதும் தீயைக் குறைத்து முதல் பாலைச் சேர்த்து, கொதி வரும் முன் இறக்க வேண்டும். கொதிக்க விட்டால் திரியும் என்பது சொதிக்கும் இதற்கும் பொது. ருசியில் இது வேறு பக்கம் போகும். மிளகுக் காரத்தோடு தேங்காய்ப்பால் சேர்ந்த மாட்டுக்கறி எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் சீஸ் இதனோடு சேராது. அதற்குப் பதிலாக ரஸ்க்கைப் பொடித்து நெய்யில் புரட்டி மேலே தூவுங்கள்.

அடுக்குவது

பாத்திரத்தின் உள்ளே வெண்ணெய் தடவி, அடியில் ஒரு கரண்டி சாஸைப் பூசுங்கள். அது கிழங்கைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் பாதிக் கிழங்கு, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறும்படி, ஓடு வேய்ந்தது போல. பிறகு பாதிக் கறி. கரண்டியின் பின்பக்கத்தால் மெதுவாக அழுத்திச் சமப்படுத்துங்கள். அடுக்குகளுக்கு நடுவே காற்று இருந்தால் வெட்டும்போது பிளக்கும். மூன்றில் ஒரு பங்கு சாஸை அதன்மேல் பரப்பி, மீதிக் கிழங்கு, மீதிக் கறி, கடைசியில் சாஸ் முழுதும். மேல் சாஸ் பாத்திரத்தின் ஓரத்தைத் தொட வேண்டும். மேலே ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் ஓவனுக்குள் பொங்கி வழியும்.

சீஸைப் பற்றி: மோஸரெல்லா இழுபடும், புராசஸ்டு சீஸ் இழுபடாது, ஆனால் எண்ணெய் பிரியாமல் உருகும், உப்பும் கூட. இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் நன்றாக இருக்கும். கட்டியை ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் துருவினால் ஒட்டாது.

நடுவில் கூடுதலாக ஓர் அடுக்கு வேண்டும் என்றால், நான் முருங்கைக்கீரையைச் சொல்வேன். ஒரு பெரிய கைப்பிடி கீரையை எண்ணெயில் நீர் சுண்ட வதக்கி, முதல் கறிக்கு மேல் பரப்புங்கள். கத்தரிக்காயும் வைக்கலாம். வட்டமாக அரிந்து உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்து, விடும் தண்ணீரைப் பிழிந்துவிட்டுத் தோசைக்கல்லில் இருபுறமும் சுட்டெடுக்க வேண்டும். சுரைக்காய், பூசணி, முட்டைக்கோஸ் பக்கம் போகாதீர்கள். எவ்வளவு வதக்கினாலும் ஓவனுக்குள் போய்த் தண்ணீர் விடும்.

ஓவனில்

180 டிகிரியில் 10 அல்லது 15 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். பாத்திரத்தை நடுத்தட்டில், கீழே ஒரு ட்ரே வைத்து ஏற்றுங்கள். அடுக்குகள் எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தால் 30 நிமிடம் போதும். ஓரத்தில் குமிழ் விட்டுக் கொதிக்க வேண்டும், மேலே அங்கங்கே பழுப்புப் பொட்டு விழ வேண்டும். மேல் சிவக்கவில்லை என்றால் கடைசி 3 நிமிடம் மேல் கம்பியை மட்டும் ஓட விடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஓ.டி.ஜி. என்கிற மேசைமேல் வைக்கும் மின் ஓவன், பெரியதாக இருந்தால் 1,500 வாட்டுக்கு மேலும் இழுக்கும். ஏ.சி.க்குப் போடும் பெரிய பிளக்பாயிண்டில் தனியாகச் செருகுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. வெயில் காலத்தில் சாயங்காலம் கரண்ட் போகும் தெருவாக இருந்தால் அடுக்கும் வேலையை மதியமே முடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், கரண்ட் இருக்கும்போது ஓவனில் ஏற்றலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தைச் சூடான ஓவனுக்குள் நேராக வைக்காதீர்கள், வெடித்துவிடும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஏற்றி, முதல் அரை மணி அலுமினியத் தாள் மூடி, பிறகு திறந்து 15 நிமிடம் வையுங்கள்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ் உள்ளவர்கள் கன்வெக்ஷனை மட்டும் பயன்படுத்துங்கள். அதே பெட்டியில் மைக்ரோவேவையும் சேர்த்து ஓட விடுவதாக இருந்தால் எவர்சில்வர் பாத்திரமும் அலுமினியத் தாளும் உள்ளே இருக்கக் கூடாது.

ஓவனே இல்லாத வீட்டிலும் செய்யலாம். வீட்டில் கேக் சுடுகிற அதே முறைதான்: பழைய, பெரிய குக்கரின் அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, ஒரு வளையம் வைத்து, ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றிவிட்டு மூடி, நடுத்தீயில் 10 நிமிடம் காய வையுங்கள். பாதி அளவில் சின்ன வட்டப் பாத்திரத்தில் அடுக்கி உள்ளே இறக்கி, சிறுதீயில் 40 நிமிடம். மேலே சிவக்காது. அதற்குத்தான் நெய்யில் வறுத்த ரஸ்க் தூள், இறக்கியதும் தூவுங்கள். இட்லிக் கொப்பரையில் அவிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். மூடியில் படியும் ஆவி முழுதும் சாஸின் மேல் சொட்டும்.

ஓவனிலிருந்து எடுத்ததும் மணம் தாங்காமல் கரண்டியை விட்டுவிடத் தோன்றும். 15 நிமிடம் விடுங்கள். கொதிக்கும் சாஸ் அடங்கி, முட்டையும் மாவும் இறுகி, அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும்.

மிஞ்சிய பரோட்டாவில்

கிழங்கு அரியும் வேலையே வேண்டாம் என்றால் பரோட்டா இருக்கிறது. நம் ஊரில் சாயங்காலம் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். எண்ணெயில் பொரித்த பரோட்டா வேண்டாம், கல்லில் போட்டதில் 6 வாங்கி, அடித்துப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வாங்கி ஆறிப்போனதுதான் இன்னும் நல்லது, ஈரம் குறைவு. பாத்திரத்தின் வடிவத்துக்கு வெட்டி, கிழங்கு இருக்கவேண்டிய இடத்தில் பரோட்டாவைப் பரப்புங்கள்.

இதில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். பரோட்டா ஈரத்தை உறிஞ்சும், அதனால் சாஸைக் கொஞ்சம் தளரக் காய்ச்சுங்கள், 500-க்குப் பதில் 600 மில்லி பால். கறி மட்டும் அதே வறட்சியில்தான் இருக்க வேண்டும். சால்னா ஊற்றி அடுக்கலாமே என்று தோன்றும், ஊற்றினால் கொத்துப் பரோட்டாவைக் கூழாக்கியது மாதிரி ஆகிவிடும். பரோட்டாவில் ஏற்கெனவே எண்ணெய் இருப்பதால் வெண்ணெயையும் 30 கிராமாகக் குறைக்கலாம். பிள்ளைகளுக்குக் கிழங்கை விட இதுதான் பிடிக்கிறது.

பரிமாறுவதும் மிச்சமும்

கத்தியால் சதுரமாக வெட்டி, தட்டையான தோசைத் திருப்பியால் அடியோடு தூக்குங்கள். பக்கத்தில் எலுமிச்சை பிழிந்த வெங்காயமும் வெள்ளரியும் போதும். இன்னொரு கறியோ குழம்போ வேண்டாம். ராத்திரி சோறு இல்லாமல் ஆகாது என்கிற தாத்தாவும் ஆச்சியும் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்கு மிளகு ரசம் சோறு போட்டு, பக்கத்தில் ஒரு துண்டு வையுங்கள். ரசத்துக்கு இது அருமையாகச் சேரும், சின்ன வெங்காயமும் சோம்பும் போட்ட கறி அல்லவா.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். கறியும் பாலும் முட்டையும் சேர்ந்த சாப்பாடு, நம் ஊர்ச் சூட்டில் பார்க்க நன்றாக இருக்கும்போதே கெட்டிருக்கும். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் 3 நாளுக்குள் சாப்பிட்டு முடிக்கலாம். பாத்திரத்தோடு திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம், வேண்டிய துண்டை மட்டும் எடுங்கள்.

மறுநாள் குளிர்ந்த துண்டு இன்னும் சுத்தமாக வெட்டுப்படும். தோசைக்கல்லில் ஒரு சொட்டு நெய் விட்டு, துண்டை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மூடி போட்டு இளந்தீயில் விடுங்கள். திருப்ப வேண்டாம். கிழங்கு முறுகி, நடுவில் விரலை வைத்தால் சுடுகிற அளவுக்குச் சூடு ஏறியதும் எடுங்கள். காலை டிபனுக்கு அப்படியே சாப்பிடலாம். பள்ளிக்கூடத்து டப்பாவில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மத்தியானம் வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும், அது கறிக்கு ஆகாது.